நாஸ் பெட்டியிலிருந்து ரகசியக் கோப்புகளை அடியோடு அழிப்பது எப்படி?

மௌனமொழி | திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

நான் மனநல ஆலோசகராக இருந்தவள். இப்போது தொழிலை நிறுத்திவிட்டேன். என்னிடம் பேச வந்தவர்களைப் பற்றிய குறிப்புகளைக் கையால் எழுதி, ஸ்கேன் செய்து, வீட்டு நாஸ் பெட்டியில் (வீட்டு நெட்வொர்க்கில் இணைத்து வைக்கும் சேமிப்புப் பெட்டி) போட்டு வைப்பது வழக்கம். சம்மதம் கேட்டு எடுத்த ஒலிப்பதிவுகளும் கொஞ்சம் உண்டு. வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்ததும் அழித்துவிடுவேன் என்று ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். போன மாதத்தோடு அந்தக் காலம் முடிந்தது. லேப்டாப்பில் இருந்து அந்த ஃபோல்டரைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து டெலீட் செய்தேன். வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

நேற்று வேறு எதற்கோ பெட்டியின் தேடல் கட்டத்தில் ஒரு சொல்லைத் தட்டினேன். அழித்த ஒரு குறிப்பின் பெயரும், கூடவே அதில் இருந்த ஒரு வரியும் வந்து நின்றன. அந்தப் பெண் எந்த நாற்காலியில் உட்கார்ந்து அதைச் சொன்னார் என்பது வரை நினைவுக்கு வந்தது. இரவு தூக்கம் இல்லை.

பெட்டியில் இரண்டு 4 டிபி ஹார்டு டிஸ்க், ரெய்டு 1, அதாவது இரண்டிலும் ஒரே நகல். கோப்புகளை டிஸ்க்கில் அடுக்கி வைக்கும் கோப்பு முறைமை பிடிஆர்எஃப்எஸ் என்று காட்டுகிறது. வேகத்துக்கான தற்காலிகச் சேமிப்பு, கேஷ் என்று சொல்லி மருமகன் ஒரு சின்ன எஸ்எஸ்டியும் (சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் சேமிப்பது) போட்டுத் தந்திருக்கிறார். மொத்தம் 1.3 டிபி அளவுக்கு நிரம்பியிருக்கிறது. பெரும்பகுதி குடும்பப் படங்கள், அவற்றை இழக்க முடியாது. பெட்டிக்கு நல்ல பாஸ்வேர்டு இருக்கிறது. அது போதாதா? போதாது என்றால், படங்களை விட்டுவிட்டுக் குறிப்புகளை மட்டும் திரும்ப எடுக்கவே முடியாதபடி அழிக்க என்ன வழி?


சிறுதுளி | திங்கள், இரவு 10.05

வணக்கம் மேடம். முதலில் பெட்டியின் ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யுங்கள். நெட்வொர்க் வழியாக அழிப்பது லேப்டாப்பின் குப்பைத்தொட்டிக்கு வராது, பெட்டிக்கென்று தனியாக ஒரு தொட்டி இருக்கும், அங்கே போய்விடும். அப்புறம் எஸ்எஸ்எச் (கட்டளை தட்டிப் பெட்டிக்குள் நுழையும் வழி) வழியாக உள்ளே போய், மிச்சம் இருக்கும் கோப்புகள் மேல் ஷ்ரெட் என்ற மேலெழுதும் கட்டளையை 35 முறை ஓட்டுங்கள். 35 முறை மேலெழுதினால் யாராலும் மீட்க முடியாது.


வட்டுத்தடம் | திங்கள், இரவு 11.30

அம்மா, முதலில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்றைக்கு எதையும் அவசரப்பட்டுச் செய்ய வேண்டாம். பதற்றத்தில் பெட்டியை ரீசெட் செய்து குடும்பப் படங்களைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். தானாக ஓடும் பேக்கப் ஏதாவது இருந்தால் அதை மட்டும் நிறுத்தி வையுங்கள். அது ஓட ஓடப் பழைய குறிப்புகளின் நகல் இன்னும் பல இடங்களுக்குப் போகும்.

சிறுதுளி சொன்னதில் முதல் பாதி சரி. ஷ்ரெட் விஷயத்தில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு கோப்பை அழிக்கும்போது, அது எங்கே இருக்கிறது என்ற பதிவுதான் நீங்குகிறது. அது இருந்த இடம் காலி என்று குறித்து வைக்கப்படும். உள்ளே இருந்த எழுத்துகள் அப்படியே கிடக்கும், வேறு ஏதாவது அதே இடத்தில் வந்து உட்காரும் வரை. சுழலும் டிஸ்க் உள்ள கணினிகளுக்கெல்லாம் இது பொது. ஷ்ரெட் போன்ற கருவிகள், கோப்பு இருந்த அதே இடத்தில் குப்பையை எழுதி அந்த எழுத்துகளை மூடுகின்றன. அதே இடத்தில் எழுத முடிந்தால்தான் அதற்கு அர்த்தம்.

உங்கள் பெட்டியில் இருப்பது பிடிஆர்எஃப்எஸ். இசட்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமையும் இப்படித்தான். இவை எழுதியதன் மேல் எழுதாது. நீங்கள் ஒரு கோப்பை மாற்றினால் புதியதை வேறொரு காலி இடத்தில் எழுதிவிட்டு, பழைய இடத்தைப் பிறகு விடுவிக்கும். மின்சாரம் பாதியில் போனாலும் கோப்பு கெடாமல் இருப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அதனால் நீங்கள் 35 முறை ஷ்ரெட் ஓட்டினால் 35 முறையும் குப்பை வேறு எங்கோ போய் விழும், குறிப்பு இருந்த இடம் தொடப்படாமலே இருக்கும். அதே இடத்தில் எழுதும் கோப்பு முறைமைக்கு மட்டும்தான் தன்னை நம்பலாம் என்று ஷ்ரெட்டின் கையேட்டுப் பக்கமே எச்சரிக்கிறது. போதாததற்கு, நீங்கள் ஏற்கெனவே டெலீட் செய்துவிட்டீர்கள். ஷ்ரெட்டுக்குக் காட்ட ஒரு கோப்புப் பெயர்கூட இப்போது இல்லை.

35 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது இன்னமும் பலரைப் பயமுறுத்துகிறது. 1996இல் பீட்டர் குட்மன் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரையில் வந்தது. அந்தக் காலத்தில் டிஸ்க்குகள் பிட்டுகளைக் காந்தப் பரப்பில் பதியப் பல முறைகள் இருந்தன. எந்த முறையில் பதிந்த டிஸ்க் என்று தெரியாவிட்டாலும் எல்லாவற்றுக்கும் பொருந்தும்படி போட்ட பட்டியல் அது. இப்போதைய டிஸ்க்குகளுக்கு அது தேவையில்லை என்று அவரே பின்னால் எழுதிச் சேர்த்தார். அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2014இல் வெளியிட்ட வழிகாட்டியும், சுழலும் டிஸ்க்குக்கு முழுமையாக ஒரே ஒரு முறை மேலெழுதினால் ஆய்வுக்கூடத்தில் வைத்து முயன்றாலும் மீட்பது கடினம் என்றுதான் சொல்கிறது. உங்கள் 4 டிபி டிஸ்க்கை விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் ஒருமுறை எழுத ஏழரை மணி நேரம் ஆகும். 35 முறை என்றால் கிட்டத்தட்ட 11 நாள் ஓட வேண்டும். அதில் 34 முறை வீண்.

எத்தனை முறை அழிப்பது என்பதை விட, எத்தனை இடத்தில் இருக்கிறது என்பதுதான் உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும். தேடலில் வந்த அந்த ஒரு வரியே அதற்குச் சாட்சி. கோப்பு போன பிறகும் தேடல் அட்டவணை அதன் சொற்களைத் தனியாகப் பிடித்து வைத்திருக்கிறது.

நாளைக்கு நேரம் கிடைத்தால் இவற்றை மட்டும் பார்த்து எழுதுங்கள். ரீசைக்கிள் பின்னில் என்ன இருக்கிறது. ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்தில் கோப்புகள் இருந்த நிலையை அப்படியே பிடித்து வைப்பது) ஓடுகிறதா, எத்தனை சேர்ந்திருக்கிறது. யுஎஸ்பி டிஸ்க், கிளவுட், இன்னொரு நாஸ் என்று பேக்கப் எங்கெல்லாம் போகிறது. உங்கள் லேப்டாப்பில் ஒத்திசைவு மென்பொருள் ஏதும் உண்டா. பார்க்க மட்டும் செய்யுங்கள், எதையும் அழிக்க வேண்டாம்.


மௌனமொழி | செவ்வாய், மாலை 6.15

பொறுமையாக எழுதியதற்கு நன்றி. காலையிலிருந்து உட்கார்ந்து பார்த்தேன். பார்த்ததை அப்படியே சொல்கிறேன்.

ரீசைக்கிள் பின்னில் போன மாதம் அழித்தது முழுதும் இருக்கிறது. அதற்கு முன் இரண்டு ஆண்டுகளாக அழித்தவையும் இருக்கின்றன. அது தானாகக் காலியாகும் என்று நினைத்திருந்தேன்.

ஸ்னாப்ஷாட் தினமும் ஒன்று எடுக்கப்படுகிறது. 64 இருக்கின்றன. ஒன்றைத் திறந்து பார்த்தேன். என் ஃபோல்டர் நான் அழிப்பதற்கு முந்தைய நாள் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது.

வாரம் ஒருமுறை யுஎஸ்பி டிஸ்க்குக்குப் பேக்கப் போகிறது. அந்த டிஸ்க் அலமாரியில்தான் இருக்கிறது. கிளவுட் எதுவும் இல்லை. லேப்டாப்பில் ஒத்திசைவு உண்டு, அதன் பழைய பதிப்புகளைப் பெட்டி தனியாக வைத்திருப்பதாகத் தெரிகிறது.

இன்னொன்றும் பார்த்தேன். ஃபோல்டர்களுக்குள் மறைவாக, அட் குறியோடு தொடங்கும் ஃபோல்டர்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் நான் ஸ்கேன் செய்த பக்கங்களின் சிறு படங்கள். சிறியவைதான், ஆனால் பெரிதாக்கினால் கையெழுத்தைப் படிக்க முடிகிறது.

என் கோப்புகளுக்கெல்லாம் வந்தவர்களின் பெயரையே வைத்திருக்கிறேன். இப்போது அதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.


இரவுப்பணி | செவ்வாய், இரவு 8.20

மேடம், பாஸ்வேர்டு பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அந்தப் பாஸ்வேர்டு பெட்டியின் வாசல் கதவுக்குத்தான். டிஸ்க்கைக் கழற்றி ஒரு லினக்ஸ் கணினியில் மாட்டினால் கதவே கிடையாது. வீட்டு நாஸ்களில் பெரும்பாலானவை உள்ளுக்குள் லினக்ஸ்தான், அதே மென்பொருள் ரெய்டுதான். ரெய்டு 1 என்றால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே சரக்கு. ஒன்றை மட்டும் எடுத்துப் போனாலும் முழுதும் கையில் வந்துவிடும்.

ரெய்டு 5 வைத்திருப்பவர்கள், தனி டிஸ்க்கில் துண்டு துண்டாகத்தானே இருக்கும், யார் படிக்க முடியும் என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்தத் துண்டு ஒவ்வொன்றும் வழக்கமாக 64 கேபியோ அதற்கு மேலோ இருக்கும். ஒரு பக்கக் கடிதமோ, சின்ன ஸ்கேனோ ஒரே துண்டுக்குள் முழுசாக அடங்கிவிடும்.

இது வெறும் பயம் இல்லை. சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பழைய டிஸ்க்குகள் 158 வாங்கிப் பார்த்து 2003இல் எழுதினார்கள். வேலை செய்தவை 129. அவற்றில் சரியாகத் துடைத்திருந்தவை 12தான். மற்றவற்றில் கடன் அட்டை எண்கள், மருத்துவச் செய்திகள், சொந்தக் கடிதங்கள் எல்லாம் கிடந்தன. அழித்துவிட்டோம் என்று நினைத்து விற்றவர்கள் அதில் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். நீங்கள் பெட்டியை விற்காமல் வைத்திருப்பதால் நேரம் இருக்கிறது. பதற வேண்டாம்.


பழையகாகிதம் | செவ்வாய், இரவு 8.50

இழைக்குள் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். மௌனமொழி அம்மா இப்போதே என்கிரிப்ஷன் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுவது) போட்ட ஒரு ஃபோல்டர் உருவாக்கி எல்லாவற்றையும் அதற்குள் நகர்த்திவிட்டு, பிறகு அந்த ஃபோல்டரை அழித்தால் போதாதா? என் பெட்டியில் நான்கும் எஸ்எஸ்டி. எனக்கும் ஒருநாள் இது தேவைப்படும்.


கல்வெட்டு | செவ்வாய், இரவு 10.10

போதாது பழையகாகிதம். நகர்த்தும்போது பூட்டிய ஃபோல்டரில் புதிய நகல் ஒன்று உருவாகும். பூட்டாத பழையது இருந்த இடத்தில் அப்படியே கிடக்கும், பெயர்ப்பதிவு மட்டும் போயிருக்கும். முதல் நாளிலிருந்தே பூட்டி வைத்திருந்தால்தான் பூட்டுக்குப் பயன்.

எஸ்எஸ்டி பற்றி. அதில் நீங்கள் எழுதும் இடம் எது என்பதை எஸ்எஸ்டியே தீர்மானிக்கிறது. செல்கள் சமமாகத் தேய வேண்டும் என்பதற்காக எழுதும் ஒவ்வொன்றையும் வேறு வேறு இடத்துக்கு அனுப்பும். கணக்கில் காட்டாத உபரி இடமும் அதற்குள் உண்டு. 2011இல் சான் டியேகோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். ஒரு தனிக் கோப்பை மட்டும் மேலெழுதி அழிக்கும் முறைகள் எல்லாமே தோற்றன. முறையைப் பொறுத்துக் கோப்பின் 4 முதல் 75 சதவீதம் வரை சில்லுகளில் எஞ்சியிருந்தது. ஆப்பிள்கூட 2015இல் மேக் கணினியில் குப்பையைப் பாதுகாப்பாகக் காலி செய்யும் வசதியை எடுத்துவிட்டது, அப்படி உறுதி சொல்ல முடியாது என்பதால். எஸ்எஸ்டிக்கு அதன் உள்ளேயே இருக்கும் அழிப்புக் கட்டளைதான் வழி, அது முழு எஸ்எஸ்டியையும் சேர்த்துத்தான் துடைக்கும்.

மௌனமொழி அவர்களே, உங்களிடமும் ஓர் எஸ்எஸ்டி இருக்கிறது, அந்தக் கேஷ். அடிக்கடி திறந்த கோப்புகளின் பகுதிகள் அதில் தங்கியிருக்கும். அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை என்பதால் சொல்கிறேன்.


வட்டுத்தடம் | செவ்வாய், இரவு 10.45

கேஷை நான் விட்டுவிட்டேன், கல்வெட்டு சொன்னது சரி.

அம்மா, உங்கள் நிலைமைக்கு எனக்குத் தோன்றும் வழி இது. முதலில் 64 ஸ்னாப்ஷாட்டையும் அழியுங்கள். ஒன்று மிஞ்சினாலும் அது குறிப்புகளைக் கையில் பிடித்துக்கொண்டு விடாது. அழித்த உடனே இடம் விடுபடாது, பின்னணியில் மெதுவாக நடக்கும், காலி இடத்தின் அளவு ஏறி ஒரு நிலையில் நிற்கும் வரை காத்திருங்கள். அப்புறம் ரீசைக்கிள் பின், ஒத்திசைவின் பழைய பதிப்புகள், சிறு படங்கள், தேடல் அட்டவணை. எல்லாம் போனதும், காலியாக இருக்கும் 2.7 டிபியையும் குப்பைக் கோப்புகளால் நிரப்பி, பிறகு அவற்றை அழியுங்கள். ரெய்டு 1 என்பதால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் எழுதப்படும். குப்பை என்பது வெறும் பூஜ்யங்களாக இருக்கக் கூடாது. சுருக்கும் வசதி இயங்கினால் பூஜ்யங்கள் ஒன்றுமில்லாமல் சுருங்கி, இடத்தை நிரப்பாமலே நிரம்பியது போலக் காட்டும். கலந்துகட்டிய சீரற்ற எண்களால் நிரப்புங்கள். கடைசித் துளி வரை நிரப்ப வேண்டாம், பிடிஆர்எஃப்எஸ் மூச்சு முட்டி நின்றுவிடும். சில ஜிபி விட்டுவிடுங்கள்.

படங்களைத் தொடாமல் முடிக்க இதுதான் வழி.


கல்வெட்டு | புதன், காலை 7.00

வட்டுத்தடம், வேறு யாருக்காவது என்றால் உங்கள் வழியையே நானும் சொல்வேன். இவருக்கு அது போதும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பிடிஆர்எஃப்எஸ் சின்னக் கோப்புகளைத் தனியாக வைப்பதில்லை. வழக்கமான அமைப்பில் சுமார் 2 கேபிக்குள் இருக்கும் கோப்பின் உள்ளடக்கத்தைப் பெயர், தேதி பதியும் அட்டவணைக்குள்ளேயே செருகி வைத்துவிடும். நாலு வரித் தட்டச்சுக் குறிப்பு என்றால் அங்கேதான் இருக்கும். நீங்கள் நிரப்பும் குப்பைக் கோப்பு சரக்கு வைக்கும் பகுதியை நிரப்புமே தவிர, அட்டவணைக்கென ஒதுக்கிய பகுதியின் காலி மூலைகளுக்குள் போகாது. கோப்புப் பெயர்களும் அங்கேதான் இருக்கின்றன. இவருடைய கோப்புப் பெயர்கள் எல்லாம் மனிதர்களின் பெயர்கள். யார் ஆலோசகரிடம் போனார் என்பதே வெளியே வரக் கூடாத செய்தி.

இன்னொன்று. பல வீட்டு நாஸ்களில் இயங்குதளம் ஒவ்வொரு டிஸ்க்கிலும் தனியாக ஒரு சின்னப் பகுதியில் இருக்கும். யார் எந்தக் கோப்பைத் திறந்தார், அழித்தார் என்ற பதிவேடும் அங்கே போகலாம். காலி இடத்தை நிரப்புவது அந்தப் பகுதியைத் தொடவே தொடாது.

டிஸ்க்கில் கெட்டுப்போய் ஒதுக்கிய இடங்கள் மூன்றாவது. ஒரு செக்டர், அதாவது டிஸ்க்கின் ஒரு சின்னத் துண்டு, பழுதானால் டிஸ்க் அதை ஓரங்கட்டிவிட்டு வேறு இடத்தைக் கொடுக்கும். பழையதில் இருந்தது அங்கேயே கிடக்கும், வெளியிலிருந்து எழுத முடியாது. டிஸ்க் தன் உடல்நிலை பற்றித் தரும் ஸ்மார்ட் அறிக்கையில் 5ஆம் எண் வரிசையில் எத்தனை என்று தெரியும்.

1.3 டிபி என்பது பெரிய அளவு இல்லை. படங்களை மட்டும் ஒரு புதிய டிஸ்க்குக்கு எடுத்து, சரிபார்த்து, பெட்டியில் இருக்கும் மூன்றையும் முழுதாகத் துடைத்து, பூட்டு போட்டு மறுபடி கட்டலாம். ஒரு வார இறுதி போதும்.


வட்டுத்தடம் | புதன், காலை 9.20

அட்டவணைக்குள் செருகுவது நான் யோசிக்காத இடம், ஒப்புக்கொள்கிறேன். என் கவலை ஒன்றே ஒன்று. முழுதாகத் துடைப்பதற்கு முன் படங்கள் ஒரே ஒரு டிஸ்க்கில் மட்டும் இருக்கும் நேரம் ஒன்று வரும். அந்த நேரத்தில் அந்த டிஸ்க் போனால் எல்லாம் போச்சு. தனித்தனியாக இரண்டு நகல் எடுத்த பிறகுதான் துடைக்க வேண்டும். நகலெடுத்தது சரியாக வந்ததா என்று ஹாஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு நாலைந்து படம், ஒரு வீடியோ என்று கண்ணாலும் திறந்து பார்க்க வேண்டும். இதற்கு ஒத்துக்கொண்டால் நானும் கல்வெட்டு பக்கம்தான்.


கல்வெட்டு | புதன், காலை 9.50

முழுதும் ஒத்துக்கொள்கிறேன். இரண்டு நகல்.


மௌனமொழி | புதன், பிற்பகல் 1.30

நீங்கள் இருவரும் பேசிக்கொண்டதை இரண்டு முறை படித்தேன். முழுதாகத் துடைப்பது என்றே முடிவு செய்துவிட்டேன். பெயர்கள்கூட இருக்கக் கூடாது. மருமகன் வெள்ளிக்கிழமை வருகிறார். எந்த வரிசையில் செய்வது என்று மட்டும் சொல்ல முடியுமா?


கல்வெட்டு | புதன், இரவு 9.00

சொல்கிறேன். வரிசை தவறினால் சேதம் ஆகும் இடம் கேஷ்தான், அதிலிருந்து தொடங்குகிறேன். எழுதும் கேஷாக அது அமைந்திருந்தால், டிஸ்க்குக்கு இன்னும் போய்ச் சேராத சரக்கு அதில் நிற்கும். அப்படியே பிடுங்கினால் படங்கள் கெடும். நிர்வாகப் பக்கத்தில் கேஷை நீக்கச் சொல்லுங்கள். அதில் இருப்பதையெல்லாம் டிஸ்க்குக்கு இறக்கிவிட்டு விடைபெறும். பிறகு கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து இரண்டு புதிய யுஎஸ்பி டிஸ்க்குகளுக்குப் படங்களை எடுங்கள். ஃபோல்டர் ஃபோல்டராகத் தேர்ந்தெடுத்து எடுங்கள். பெட்டியின் பேக்கப் வசதியால் முழுதையும் அள்ளினால் அட் குறி ஃபோல்டர்களும் சேர்ந்து வந்துவிடும். சரிபார்த்தல் வட்டுத்தடம் சொன்னபடி.

பிறகுதான் துடைப்பு. பல பெட்டிகளில் டிஸ்க் நிர்வாகப் பக்கத்திலேயே பாதுகாப்பான அழிப்பு என்று ஒன்று இருக்கும். அது டிஸ்க்கின் உள்ளே இருக்கும் அழிப்புக் கட்டளையை ஏவுகிறது என்றால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் டிஸ்க்கைக் கணினியின் சாட்டா இணைப்பில் நேராக மாட்டி, லினக்ஸில் எச்டிபார்ம் என்ற கருவி வழியாக ஏவலாம். யுஎஸ்பி உறைக்குள் வைத்துச் செய்யாதீர்கள், சில உறைகள் அந்தக் கட்டளையைக் கடத்தாது. மேம்பட்ட அழிப்பு என்று இன்னொரு வகையையும் டிஸ்க் ஏற்றால் அதைத் தேர்ந்தெடுங்கள். ஓரங்கட்டிய செக்டர்களுக்கும் அது போகும். எஸ்எஸ்டி என்விஎம்இ (சாட்டா அல்லாத, வேகமான இணைப்பு) வகை என்றால் அதற்குத் தனிக் கட்டளை இருக்கிறது, சில நிமிடங்களிலேயே முடியும். பெட்டியின் பின்பக்கப் பொத்தானை அமுக்கி ரீசெட் செய்வதை மட்டும் துடைப்பு என்று எண்ணிவிடாதீர்கள். பல பெட்டிகளில் அது நிர்வாகியின் பாஸ்வேர்டையும் நெட்வொர்க் அமைப்பையும்தான் மாற்றும். சரக்கு அப்படியே இருக்கும்.

முடிந்ததும் டிஸ்க்கின் தொடக்கம், நடு, கடைசி என்று பத்து இடங்களில் படித்துப் பாருங்கள். பூஜ்யமோ சீரற்ற குப்பையோ இருக்க வேண்டும். படிக்கக் கூடிய ஒரு சொல்கூட இருக்கக் கூடாது.

மறுபடி கட்டும்போது என்கிரிப்ஷனை முதலிலேயே போட்டுவிடுங்கள். சாவியைப் பெட்டியே நினைவில் வைத்துத் தானாகத் திறக்கும் வசதி இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பெட்டியைத் தூக்கிப் போகிறவரிடம் சாவியும் சேர்ந்தே போகும். சாவியைக் காகிதத்தில் எழுதி வேறு இடத்தில் வையுங்கள்.


இரவுப்பணி | புதன், இரவு 9.40

தொழிலில் இன்னமும் இருக்கிறவர்கள் யாராவது படித்தால் அவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆண்டுக்கு ஒரு பூட்டிய ஃபோல்டர் என்று வையுங்கள், ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவி. காலம் முடிந்ததும் அந்த ஆண்டின் சாவியை அழித்தால், ஸ்னாப்ஷாட்டில் இருப்பது, ஓரங்கட்டிய செக்டரில் இருப்பது, எஸ்எஸ்டியின் உபரி இடத்தில் இருப்பது எல்லாம் ஒரே நொடியில் படிக்க முடியாத வெறும் குப்பையாகிவிடும். ஆனால் பேக்கப் மென்பொருள் பூட்டைத் திறந்த நிலையில் படித்து எடுத்தால் அங்கே பூட்டாத நகல் போய் உட்காரும். பேக்கப்பையும் தனியாகப் பூட்டுங்கள்.


பழையகாகிதம் | வியாழன், காலை 8.10

நான்கு நாளில் இவ்வளவு கற்றுக்கொண்டேன். ஒரு கடைசிக் கேள்வி. டிஸ்க் பழுதாகி இயங்கவே இல்லை என்றால்? உத்தரவாதக் காலம் இருக்கிறது, அனுப்பினால் புதியது தருவார்கள். அனுப்பலாமா?


வட்டுத்தடம் | வியாழன், காலை 8.45

இயங்காத டிஸ்க்கை உங்களால் துடைக்க முடியாது. பழுது பார்க்கத் தெரிந்தவரால் படிக்க முடியும், பல சமயம் மின்சுற்றுப் பலகைதான் போயிருக்கும். பூட்டு போட்டு வைத்திருந்த டிஸ்க் என்றால் தயங்காமல் அனுப்புங்கள். பூட்டாதது என்றால், அதில் மற்றவர்களின் ரகசியம் இருந்தால், உத்தரவாதத்தை மறந்துவிட்டு உடைப்பதுதான் நியாயம். சுழலும் டிஸ்க் என்றால் தட்டுகள் வழியாகப் பல துளைகள் போட வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், சிறிய டிஸ்க்குகளில் தட்டு கண்ணாடியால் ஆனதாக இருக்கலாம், சிதறும். எஸ்எஸ்டியில் ஒவ்வொரு சில்லும் உடைய வேண்டும், காந்தம் அதை ஒன்றும் செய்யாது.


சிறுதுளி | வியாழன், இரவு 7.30

முதல் பதிலில் ஷ்ரெட் சொன்னவன் நான்தான். தவறான வழியைச் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள் மேடம். பின்னால் வருகிறவர்கள் முதல் பதிலோடு நின்றுவிடக் கூடாது என்பதால், அதன் மேலே ஒரு திருத்தம் போட்டிருக்கிறேன். என் பெட்டியிலும் போய்ப் பார்த்தேன். ரீசைக்கிள் பின்னில் மூன்று ஆண்டுக் கோப்புகள் கிடந்தன.


மௌனமொழி | திங்கள், இரவு 8.50

எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று வந்தேன்.

வெள்ளி இரவும் சனியும் படங்களை நகலெடுப்பதிலேயே போயின. ஹாஷ் ஒப்பிட்டதில் 11 படங்கள் பொருந்தவில்லை. மறுபடி எடுத்ததும் சரியாகிவிட்டன. ஒப்பிடாமல் விட்டிருந்தால் தெரிந்தே இருக்காது. ஞாயிறு காலை இரண்டு டிஸ்க்கையும் ஒரே நேரத்தில் துடைக்கப் போட்டோம், மாலைக்குள் முடிந்தது. எஸ்எஸ்டி ஒரு தேநீர் குடிப்பதற்குள் முடிந்தது. மருமகன் பத்து இடங்களில் படித்துக் காட்டினார், முழுக்கப் பூஜ்யங்கள். நான் இன்னும் பத்து இடம் கேட்டேன், அவற்றையும் காட்டினார்.

இடையில் ஒன்று தெரிந்தது. ஒலிப்பதிவுகளை எதில் எடுத்தேன் என்று மருமகன் கேட்டார். பழைய ஃபோனில். அது மேசை இழுப்பறையில் சும்மா கிடந்தது. சார்ஜ் போட்டுத் திறந்தால் 23 பதிவுகள் அதிலேயே இருந்தன. பெட்டியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தோம், அவை பிறந்த இடத்தை யாருமே யோசிக்கவில்லை. ஃபோனின் சேமிப்பு முதலிலிருந்தே பூட்டிய நிலையில்தான் இருந்தது என்று பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகு, முழு ரீசெட் செய்தோம். அதில் ரீசெட் என்பது சாவியையே அழிப்பது என்று விளக்கினார். லேப்டாப் எப்போதுமே பூட்டியிருந்ததால் அதையும் அப்படியே ரீசெட் செய்து புதிதாகத் தொடங்கிவிட்டோம்.

என்னிடம் ஒரு பதிவேடு உண்டு, பெயர் இல்லாமல் எண்கள் மட்டும் எழுதியது. ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே நேற்றைய தேதியைப் போட்டு, அழித்தாயிற்று என்று கையெழுத்திட்டேன். 140 எண்கள். கை வலித்தது, ஆனாலும் ஒரே மூச்சில் எழுதி முடித்தேன்.

அலமாரியில் இருந்த பழைய பேக்கப் டிஸ்க் மட்டும் மிச்சம். மாட்டினால் டிக் டிக் என்று சத்தம் வருகிறது, கணினியில் தெரியவே இல்லை. வட்டுத்தடம் தம்பி, துளை எத்தனை போட வேண்டும், எந்தப் பக்கத்திலிருந்து போடுவது? மருமகன் துளைக் கருவியோடு சனிக்கிழமை மறுபடி வருகிறார்.


வட்டுத்தடம் | திங்கள், இரவு 9.15

மூடி இருக்கும் பக்கத்திலிருந்து, அம்மா. முதலில் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள், நட்சத்திர முனைத் திருப்புளி வேண்டும், ஸ்டிக்கருக்கு அடியிலும் ஒரு திருகு ஒளிந்திருக்கும். தட்டுகளை வெளியே எடுத்துவிட்டால் துளையிடுவது எளிது. ஒவ்வொரு தட்டிலும் ஏழெட்டு, மையத்தை விட்டுப் பரவலாக. கையுறையும் கண்ணாடியும் இரண்டு பேருக்கும்.